விழும் ரெஸ்ட்டின் சத்தம்: துணி ஒட்டுவதற்கு முன் கயிற்றைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். உங்களிடம் 65 பவுண்டு இழுவிசையுள்ள காம்பவுண்ட் வில் (லிம்ப் நுனிகளில் சக்கரமும் கேபிளும் வைத்த வில்) இருக்கிறது. அம்பைத் தாங்கும் உறுப்புக்கு ரெஸ்ட் என்று பெயர். அதிலிருந்த தூரிகை வளைய ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு, கேபிளால் இயங்கும் ட்ராப்-அவே ரெஸ்ட் (அம்பை விட்டதும் கீழே விழுந்து வழிவிடும் வகை) ஒன்றை நீங்களே மாட்டியிருக்கிறீர்கள். நாணை இழுக்கும்போது அம்பு ‘கிரீச்’ என்கிறது. அம்பை விட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். மிச்சிகனில் அக்டோபர் 1 அன்று மான் வில்வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதற்குள் ஃபெல்ட் துணி ஒட்டிச் சரிசெய்துவிடலாமா, எங்கே ஒட்டுவது என்று கேட்கிறீர்கள்.

ஒட்டலாம், ஆனால் அது கடைசி வேலை. நானும் என் முதல் ரெஸ்ட்டுக்கு அதைத்தான் முதலில் செய்தேன். கைக்கு எட்டிய இடமெல்லாம் ஃபெல்ட் ஒட்டி, வில்லுக்குக் கம்பளிச் சட்டை போட்டுவிட்டேன். சத்தம் போகவில்லை, ‘டக்’ என்றிருந்தது ‘தொப்’ என்று ஆனது. கூடவே அம்பு குறிக்கு மேலே போகத் தொடங்கியது. கோளாறு ரெஸ்ட்டைக் கேபிளோடு இணைக்கும் கயிற்றின் நீளத்தில் இருந்தது. அம்பைத் தாங்கும் கவை முழுதாக இறங்குவதற்குள் வால் இறகு வந்து அதில் இடித்துக்கொண்டிருந்தது. கவை விழும் சத்தம் என்று நான் நினைத்திருந்தது உண்மையில் இறகு அடிபடும் சத்தம்.

இனி வரும் சொற்களைச் சொல்லிவிடுகிறேன். வில்லின் நடுவில் கைப்பிடியோடு இருக்கும் உலோகப் பகுதி ரைசர். அதன் மேலும் கீழும் வளைந்து கொடுப்பவை லிம்ப்கள். அவற்றின் நுனியில் சுழலும் சக்கரங்கள் கேம்கள். நாணைத் தவிர அங்கே ஓடும் மற்ற இழைகள் கேபிள்கள். கைப்பிடிக்கு மேலே, அம்பு கடக்கும் இடத்தில் ரைசரில் வெட்டியிருக்கும் படியை மேடை என்கிறேன். ரெஸ்ட்டில் அம்பை ஏந்தி நிற்கும் இரட்டை முள்ளைக் கவை என்கிறேன்; சிறுவயதில் உண்டிவில்லுக்கு நாம் தேடித் தேடி ஒடித்த கவைக்குச்சியின் வடிவம்தான்.

இந்த ரெஸ்ட் ஏன் விழ வேண்டும்? பழைய வில்களில் அம்புக்குப் பறவை இறகு கட்டியிருந்தார்கள். மேடையில் உரசினால் அது மடங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு நிமிர்ந்துகொள்ளும். இன்றைய வேட்டை அம்புகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இறகுதான். அது விறைப்பானது, எதில் பட்டாலும் அம்பின் வாலையே தள்ளிவிடும். ஆகவே வால் வந்து சேர்வதற்குள் தாங்கி வழிவிட வேண்டும்.

எவ்வளவு நேரத்திற்குள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இழுப்பு நீளம் 28 அங்குலம். நாண் ஓய்வில் இருக்கும்போது பிடியிலிருந்து 6.5 அங்குலம். அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் புறப்படுகிறது. அப்படியானால் நாண் அம்பைத் தள்ளும் தூரம் ஏறத்தாழ அரை மீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 12 மில்லி நொடி. இறகின் முன்நுனி ரெஸ்ட்டை எட்ட இன்னும் ஒரு மில்லி நொடி போதும். இந்த 13 மில்லி நொடியில் புவியீர்ப்பை மட்டும் நம்பி விழும் பொருள் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கியிருக்காது. கவை இறங்க வேண்டியதோ ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். எனவே ‘விழும் ரெஸ்ட்’ என்பது பேச்சுக்குத்தான். ஸ்பிரிங்கோ கயிறோ அதை வலுவாகக் கீழே அடிக்கிறது. அந்த வேகத்தில் அடிபடும் உலோகம் சத்தமே போடக்கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சத்தத்தைக் குறைக்கலாம், மழுங்கடிக்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் எந்தச் சத்தத்தோடு முதலில் மல்லுக்கு நிற்பது? பெரும்பாலோர் விடும்போது வரும் ‘டக்’கைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது. என் கணக்கு வேறு. 20 கெஜத்தில் நிற்கும் வெள்ளைவால் மானை அடைய இந்த அம்புக்கு 0.21 நொடி ஆகும். வில்லின் சத்தம் 0.05 நொடியில் போய்விடும். மானுக்குக் கிடைப்பது 0.16 நொடி. 30 கெஜத்தில் கிட்டத்தட்ட கால் நொடி. கால் நொடி கிடைத்தால் கையிலிருந்து நழுவிய கல் 30 சென்டிமீட்டர் விழுந்துவிடும். மானோ தாவுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. அந்தக் கால் நொடியில் ஒரு பங்கு திடுக்கிடுவதிலேயே போய்விட்டாலும், மிச்சத்தில் அம்பு அதன் முதுகுக்கு மேலே பறந்துவிட வாய்ப்பிருக்கிறது. ஆகவே விடும்போது வரும் சத்தம் பொருட்டில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குத் தூரத்தைக் குறைப்பது என்ற மாற்று இருக்கிறது. இழுக்கும்போது வரும் ‘கிரீச்’சுக்கு மாற்றே கிடையாது. அம்பு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மானுக்கு முழுதாக இரண்டு, மூன்று நொடி. தலையைத் தூக்கும், ஒரு முன்காலைத் தரையில் தட்டும், போய்விடும். எனக்குத் தப்பிய மான்களில் பாதிக்கு மேல் நான் அம்பை விடுவதற்கு முன்பே போனவை.

ஆகவே வரிசை இப்படி: முதலில் பொருத்தம், பிறகு இழுக்கும் சத்தம், கடைசியில் விடும் சத்தம்.

பொருத்தத்தைத் தொடங்கும் முன் உங்கள் ரெஸ்ட் எப்படி இயங்குகிறது என்பது மனத்தில் பதிய வேண்டும். சந்தையில் இரண்டு குடும்பங்கள் உண்டு. கேபிளால் இயங்குவதில் கயிறு கவையை ஏற்றுகிறது, ஸ்பிரிங் இறக்குகிறது. நாணை இழுக்கும்போது கீழ்நோக்கிப் போகும் கேபிள் கயிற்றை இழுத்துக் கவையை நிமிர்த்தும். நாணை விட்டதும் கயிறு தளர்ந்து ஸ்பிரிங் வேலையைப் பார்க்கும். லிம்பால் இயங்குவதில் எல்லாம் தலைகீழ். ஸ்பிரிங் ஏற்றும், கயிறு இறக்கும். வில் ஓய்வில் இருக்கும்போது லிம்ப் கயிற்றை இறுக்கிப் பிடித்துக் கவையைக் கீழே வைத்திருக்கும். நாணை இழுத்து லிம்ப் வளைந்ததும் கயிறு தளர, கவை எழும். விட்டதும் லிம்ப் நிமிர்ந்து கவையைப் பிடுங்கிக் கீழே இறக்கிவிடும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். கேபிள் வகையில் கயிறு அறுந்தால் கவை எழவே எழாது. லிம்ப் வகையில் அறுந்தால் எழுந்த கவை இறங்காது; அம்பு இறகில் உரசிக்கொண்டாவது போகும். கேபிள் வகையில் கயிறு குட்டையானால் கவை சீக்கிரம் எழுந்து தாமதமாக இறங்கும். அதுதான் என் கதை. லிம்ப் வகையில் அதே கோளாறு கயிறு நீண்டால் வரும்.

இனி வேலை. வில்லைப் பட்டறை வைஸில் பிடியுங்கள். தாடைக்கும் வில்லுக்கும் நடுவே ரப்பரோ தடித்த துணியோ இருக்கட்டும். ரைசரில் மேடைக்கு மேலே ஒரு மரையிட்ட துளை இருக்கும். விக் பெர்கர் என்ற வில்லாளரின் பெயரால் அதைப் பெர்கர் துளை என்பார்கள். அளவு 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ரெஸ்ட்டின் திருகை முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே திருகுங்கள். ரைசர் அலுமினியம், திருகு எஃகு. ஆலன் சாவியை நேராகப் போட்டு முறுக்கினால் மரை கோணலாக ஏறும், ரைசரின் மரை போனால் வில்லே போனதுபோல்தான். திருகில் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டுப் போதும். சிவப்புப் பசை வேண்டாம். அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். சமீபகால வில்களில் ரைசரின் பின்புறத்தில் புறாவால் வடிவப் பள்ளம் வெட்டி, அதில் ரெஸ்ட்டைச் செருகி இறுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. உங்கள் வில்லில் அது இருந்து, ரெஸ்ட்டும் அதற்கேற்றதாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒற்றைத் திருகில் நிற்கும் ரெஸ்ட் நாளடைவில் சற்றே சுழலும். பள்ளத்தில் உட்கார்ந்தது சுழலாது.

நாண் செங்குத்தாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். பிறகு அம்பை நாணில் கோத்துக் கவைமேல் வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள்: கவை இறங்கிக் கிடக்கும்போதே அளந்துவிடுகிறார்கள். வில் முழுதாக இழுபட்டிருக்கும்போது கவை எங்கே நிற்குமோ அங்கே நிறுத்தித்தான் அளக்க வேண்டும். ஒரு ரப்பர் வளையத்தால் அதை நிமிர்த்திக் கட்டிவைத்தால் போதும். அம்பின் தண்டு பெர்கர் துளையின் நடுவைக் கடக்க வேண்டும். நாணுக்கும் தண்டுக்கும் இடையே செங்கோணம், அல்லது வால் பக்கம் அதிகமாகப் போனால் 1/8 அங்குலம் (3 மி.மீ.) உயரம். தச்சரின் மூலைமட்டத்தைப் போன்ற வில் அளவுகோல் சில டாலருக்குக் கிடைக்கும். பக்கவாட்டில், ரைசரின் சுவரிலிருந்து தண்டின் மையம்வரை 13/16 அங்குலம், அதாவது 20.6 மி.மீ. என்று பல வில்களுக்குத் தொடக்க அளவாகச் சொல்வார்கள். தொடக்க அளவுதான். காகிதத்தின் ஊடே எய்து கிழிசலைப் பார்த்துப் பிறகு அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவீர்கள்.

இப்போது கயிறு. இங்கே அவசரப்படாதீர்கள்.

காம்பவுண்ட் வில்லில் கேபிள்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும். நாணை இழுக்கும்போது ஒன்று கீழே போகும். உங்களுக்கு வேண்டியது அதுதான். ஐயமிருந்தால் ஒவ்வொரு கேபிளிலும் ஒரே உயரத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டு, நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, நாணை மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போதெல்லாம் நாணில் அம்பு கோத்திருக்க வேண்டும், வில் இலக்குப் பஞ்சணையை நோக்கி இருக்க வேண்டும். வெறும் நாணை இழுத்துக் கை தவறினால், அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் முழுவதும் லிம்பிலும் கேமிலும் போய் மோதும். அதில் உடைந்த வில்லை நான் பார்த்திருக்கிறேன். உடைந்தது வில் மட்டும் என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

கயிற்றை முதலில் நகர்த்தக்கூடிய முடிச்சாகப் போடுங்கள். கூடவே சிறு கவ்வி வந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நாணை இழுத்து முடிக்கும் கடைசி ஒன்று, ஒன்றரை அங்குலத்தில் கவை முழுதாக நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் இதில் சற்று வேறுபடுவார்கள்; பெட்டியில் வந்த தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்குச் சட்டம். சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, உங்கள் கண் குறியில் இருக்கும். நண்பர் பார்க்கட்டும், அல்லது கைப்பேசியைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுங்கள்.

கயிறு குட்டையாக இருந்தால் முழு இழுப்பில் அது வீணைத் தந்திபோல விறைத்து நிற்கும். கேபிளைப் பாருங்கள், கயிறு கட்டிய இடத்தில் அது ஒரு பக்கம் மெல்ல வளைந்திருக்கும். இழுப்பின் முடிவில் நாண் ‘இதற்குமேல் இல்லை’ என்று கெட்டியாக நிற்காமல் பஞ்சுபோல் கொடுக்கும். நீளமாக இருந்தால் கவை நிமிராமல் சாய்ந்தபடியே நிற்கும். அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உயரத்திலிருந்து புறப்படும். இரண்டுக்கும் நடுவே சரியான இடம் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலம்தான். கிடைத்ததும் கேபிளில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முடிச்சை நிலையாக்கும்போது கயிற்றின் நுனியைத் தீயால் உருக்கி மொட்டாக்குவது வழக்கம். அப்போது ஒரு கையால் கேபிளை மறைத்துக்கொள்ளுங்கள். நாணிலும் கேபிளிலும் இருக்கும் பாலிஎத்திலீன் இழை சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். லைட்டரின் நுனி ஒரு கணம் தொட்டாலே புது நாண் வாங்க வேண்டியதுதான். புதிய கயிறு முதல் நாற்பது, ஐம்பது எய்தலில் சற்று நீளும். பிறகு மறுபடி நேரத்தைப் பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. ஆகஸ்டில் சரியாக இருந்த ரெஸ்ட் அக்டோபரில் சத்தம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது தொடுகைச் சோதனை. மருந்துக்கடையில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே கிடைக்கும். அம்பின் வால் இறகுகள், கவை, மேடை, அருகில் போகும் கேபிள் எல்லாவற்றிலும் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு அடித்து உலரவிட்டு ஓர் அம்பு எய்யுங்கள். எங்கே வெள்ளை அழிந்திருக்கிறதோ அங்கே தொட்டிருக்கிறது. இறகின் ஓரத்தில் கோடும், கவையின் முள்நுனியில் அழிந்த புள்ளியும் இருந்தால் கவை தாமதம், அல்லது விழுந்து துள்ளி எழுந்திருக்கிறது. இறகில் கோடு, கேபிளில் அழிந்த இடம் என்றால் ரெஸ்ட்டின்மேல் பழியில்லை. அம்பின் அடியில் நாணைக் கவ்வும் நாக்கைச் சற்றுத் திருப்பி இறகின் திசையை மாற்றுங்கள். கைப்பேசியின் மெதுவோட்டக் காட்சியைப் பெரிதாக நம்ப வேண்டாம். நொடிக்கு 240 படம் எடுத்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 4 மில்லி நொடி இடைவெளி; முழு எய்தலுக்கும் மூன்று படம்தான் கிடைக்கும். கவை துள்ளுகிறதா என்று பார்க்க உதவும், இறகு தொட்டதா என்று சொல்லாது. பவுடர் பொய் சொல்லாது.

இத்தனையும் சரியான பிறகு ஃபெல்ட்டுக்கு வருவோம். உங்கள் ‘கிரீச்’ மூன்று இடங்களில் எங்கிருந்தாவது வரலாம். முதலில் அம்பையே சந்தேகியுங்கள். நுரை இலக்கில் எய்த அம்பை விரலால் தடவிப் பாருங்கள். முனைப் பக்கம் வார்னிஷ் அடித்ததுபோல் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். அம்பு பாயும் உராய்வில் நுரை உருகிக் கார்பன் தண்டில் ஒட்டிக்கொள்வது அது. எந்தத் துணியின்மேல் இழுத்தாலும் அது கத்தும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து மறுபடி இழுத்துப் பாருங்கள். சில நேரம் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, கவையும் மேடையும். கேபிள் வகையில் இழுப்பின் பெரும்பகுதிக்குக் கவை எழுந்திருக்காது என்பதை நினைவில் வையுங்கள். அம்பு அதுவரை தாழ்ந்த கவையிலோ மேடையிலோ கிடந்து உரசிக்கொண்டே பின்னால் போகிறது. கவைக்குத் துணி போட்டு மேடையை விட்டுவிடுபவர்கள் ‘அப்படியும் சத்தம் வருகிறதே’ என்று கேட்பது இதனால்தான். ஆனால் எழும்போதே பூட்டிக்கொள்ளும் வகை ரெஸ்ட் என்றால், கட்டைவிரலால் முன்கூட்டியே கவையை நிமிர்த்தி வைத்துவிடலாம். அம்பு மேடையைத் தொடாது. அதில் வேறொரு வில்லங்கம்: நிமிர்த்தும்போது ‘கிளிக்’ என்னும். நெம்புகோலைத் தள்ளிவிட்டுக் கையை எடுக்காமல், பூட்டில் உட்காரும்வரை விரலாலேயே கூட்டிக்கொண்டு போனால் அது அடங்கும். மான் வந்த பிறகு இதைச் செய்யாதீர்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்ததும் அம்பைக் கோத்து, கவையை நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கேபிளை ஒதுக்கிப் பிடிக்கும் கம்பியும் அதில் ஓடும் பிளாஸ்டிக் துண்டும். அது உலர்ந்தால் கத்துவது அச்சு அசல் அம்பின் குரலில் இருக்கும். கத்துவது எது என்று பிரித்தறிய, அம்பு கவையைத் தொடாதபடி நண்பர் தன் விரலை இடையே கொடுத்துத் தாங்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். இழுபட்ட வில்லின் முன்னால் யாருடைய விரலும் இருக்கக்கூடாது. அந்தக் கம்பியைத் துடைத்து, உலர் மசகு ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டு, சத்தம் மாறுகிறதா என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் என் விருப்பம் மோல்ஸ்கின். செருப்புக் கடிக்காக மருந்துக்கடையில் விற்கும், பின்பக்கம் பசையுள்ள மெல்லிய பருத்தித் துணி. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடையுங்கள். நீங்கள் கண்ணால் பார்க்காத எண்ணெய்ப் படலம் அங்கே உண்டு. துண்டின் மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் உரியும். கவையின் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு பட்டையைச் சுற்றி, ஓரம் சேரும் இடம் வெளிப்பக்கம் வரும்படி விடுங்கள்; தண்டு ஓடும் உள்பக்கத்தில் ஓரம் இருந்தால் அம்பு அதைத் தட்டித் தட்டிக் கிளப்பிவிடும். விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, ஓர் இரவு எய்யாமல் வையுங்கள். மறுநாள் அம்பின் உயரத்தை மீண்டும் அளக்க மறந்துவிடாதீர்கள். கவையின் இரு முள்ளிலும் துணி ஏறியதும் அம்பு அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும். குறி மாறிவிட்டது என்று புலம்பியவர் ஒருவரின் வில்லில் மாறியிருந்தது அவ்வளவுதான்.

மழையும் பனியும் அதிகமுள்ள நவம்பருக்குத் துணி நல்லதல்ல. நனைந்த துணி உறைந்தால் அம்பு அதில் ஒட்டிக்கொள்ளும். அப்போது மின்வேலைக்காரர்கள் கம்பி இணைப்பில் மாட்டும், சூடு காட்டினால் சுருங்கும் குழாய் கைகொடுக்கும். கவையைக் கழற்ற முடிந்தால் கழற்றி மாட்டிச் சூடு காட்டுங்கள். வில்லில் வைத்தபடியே சூடு காட்டினால் நாணுக்கு ஆபத்து. துணியளவுக்கு அமைதி தராது, ஆனால் நீர் குடிக்காது. வீட்டுக்குள் வெதுவெதுப்பில் இருந்த வில்லைக் குளிருக்குக் கொண்டுபோனால், ரெஸ்ட்டின் உள்ளே இருக்கும் ஈரம் உறைந்து கவை மந்தமாகும். முதல்நாள் இரவே கொட்டகையில் வைத்துவிடுவேன். ரெஸ்ட்டின் அச்சில் கிரீஸ் போடாதீர்கள். குளிரில் அது தேன்போல் கெட்டிப்படும். 13 மில்லி நொடிக் கணக்கில் தேனுக்கு இடமில்லை.

கடைசியாக அந்த ‘டக்’. நேரம் சரியாகி, இறகு எங்கும் தொடாமல் போகிறது என்றால், இப்போது கேட்பது கவை தன் இருக்கையில் விழும் சத்தம் மட்டுமே. விழும் இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தடித்த ரப்பர், நுரைப்பஞ்சு எல்லாம் துள்ளும். கவையை அவை மேலே எறிய, அதே நொடியில் வால் இறகு அங்கே வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது துள்ளாமல் அடியை விழுங்கும் பொருள். இரண்டு அடுக்கு மோல்ஸ்கின் அல்லது ஒட்டுப்பட்டையின் (வெல்க்ரோ) மெத்தென்ற பாதி போதும். ஒட்டிய பிறகு கவை முழுதாக இறங்குகிறதா என்று பாருங்கள். அடியில் தடிமன் கூடினால் அது இறங்கும் ஆழம் குறையும். பவுடர் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். மேடைக்கு மேலே ரைசரின் பக்கச்சுவரிலும் ஒரு துண்டு ஒட்டலாம். குளிரில் கை நடுங்கி அம்பு கவையிலிருந்து நழுவினால் ‘டொங்’ என்று கோயில் மணி அடிக்காமல் இருக்கும்.

அதற்குப் பிறகும் ‘டக்’ குறையவில்லை என்றால் அது ரெஸ்ட்டின் குரலே அல்ல என்பது என் அனுபவம். அம்பைக் கழற்றிவிட்டு, திருப்புளியின் ரப்பர் பிடியால் ரைசரை ஆங்காங்கே தட்டிக் கேளுங்கள். அம்புக்கூடு, குறிக்கருவியின் திருகு, நிலைப்படுத்தும் தண்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ‘ஜ்ர்ர்’ என்று பதில் சொல்லும். அம்புக்கூட்டைக் கழற்றி மூன்று அம்பு, மாட்டி மூன்று அம்பு என்று எய்து பார்த்தால் போதும். அம்பின் எடையும் கணக்கில் சேரும். இலேசான அம்பு வில்லின் ஆற்றலை முழுதாக எடுத்துக்கொள்ளாது. மிச்சம் வில்லிலேயே அதிர்வாகவும் சத்தமாகவும் தங்கும். வில்லின் இழுவிசையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பின் எடை 5 கிரெய்ன் என்பது வில் தாங்கும் கீழ் எல்லை. வேட்டைக்கு ஆறரையாவது வைப்பேன். உங்கள் 65 பவுண்டுக்கு அது 420 கிரெய்னுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 27 கிராம். வேகத்தில் சில அடி குறையும், சத்தம் காதுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கும்.

எல்லாம் முடிந்ததும் ரெஸ்ட்டும் ரைசரும் சேரும் இடத்தில் வெள்ளை மையால் குறுக்கே ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் ரெஸ்ட் நகர்ந்திருக்கிறது. காட்டுக்குள் அளவுகோலைத் தேட வேண்டாம்.

கழற்றிய தூரிகை வளையத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் விழும் உறுப்பே இல்லை, கயிறும் இல்லை. அம்பு எந்தச் சாய்விலும் நழுவாது. வேகத்தில் கொஞ்சம் போகும், இறகு சற்றுத் தேயும். 20 கெஜத்துக்குள் மட்டும் எய்பவருக்கு அதுவே போதும் என்று நான் நினைக்கிறேன், விற்பவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் மான் வேட்டை குற்றம். மேலே சொன்ன பொருத்தமும் பவுடர் சோதனையும் இலக்கில் எய்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: கயிற்றை எந்தக் கேபிளில், எவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள்? முழு இழுப்பில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கவை நிமிர்ந்து நிற்பதும் கேபிள் வளைந்திருப்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்க்கும்வரை மோல்ஸ்கின் பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.